வாவிக்கரை விருந்து

இலண்டன் மாநகரிலே மருத்துவத் தொழில் புரியும் என் சகோதரியின் மகன், தனது பத்தாவது கலியாண நாளுக்கு மனைவியை ஒரு சிறந்த போசனசாலைக்கு அழைத்துச் செல்ல விரும்பி, அந்நகரத்தில் அத்தகைய சாலைகள் மலிந்திருத்தலால் எதனைத் தெரிவதென்று மயங்கி, சென்ற மாதம் ஓரிரவு என்னோடு தொலைபேசியிற் பேசினான். “மாமா, அந்த இடங்களில என்ன வேணுமெண்டு நம்மளக் கேக்கமாட்டாங்க. அவங்களே பத்துப் பன்னிரண்டு வகைய, ஒண்டு முடிய மறுகா ஒண்டா, கொஞ்சங் கொஞ்சமாக் கொண்டு வந்து வைப்பாங்க. காசும் கனக்க. எந்த இடத்த நம்பிப் போற?” என்று வினவினான். ‘பிறகு’ என்னும் பொருளில் மட்டக்களப்பார் நாவில் வழங்கும் ‘மறுகா’ என்ற சொல்லை, அந்நிய தேசத்தில் இத்தனை காலம் வாழ்ந்த பின்பும் அவன் கைவிடாதிருந்தது என் நெஞ்சைக் குளிர்வித்தது.

அவனுக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. உண்பவன் வீட்டை மாத்திரம் தெரிந்துகொண்டு, உண்பொருளையும் அதன் வரிசையையும் வீட்டாரின் பொறுப்பில் விட்டு அமர்கின்ற அந்த முறை, மேல்நாட்டார் அண்மையிலே கண்ட புதுமையென அவனுக்குத் தோன்றிற்று. எனக்கோ அது, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் தலைமுறை தலைமுறையாக நிலவி, என் வாழ்நாளிலேயே தேய்ந்துபோன ஒரு விருந்துச் சம்பிரதாயமாகத் தோன்றிற்று. அதன் வரலாற்றைக் கிரமமாகச் சொன்னால் அவன் கேள்விக்குரிய விடையும் அதனுள்ளே கிடைக்குமென்ற எண்ணத்தினாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

எங்கே போனால் எது உண்ணலாம் என்று ஒருவருக்கொருவர் வழி சொல்லுவதைத் தமிழர் ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்திருக்கின்றனர். பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையிலே, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையால் வாடி எதிரே வரும் மற்றொரு பாணனுக்கு வழி கூறுகின்றான். நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தில் பரதவர் சுட்ட குழல்மீனையும் தேறலையும் தருவர். வேலூரில் எயினர் புளிங்கறியிட்ட சோற்றை ஆமானின் சூட்டிறைச்சியோடு தருவர். மருத நிலத்து ஆமூரில் உழவர் தங்கை வெண்சோற்றை நண்டின் கலவையோடு தருவாள். ஈற்றில் நல்லியக்கோடனின் மாளிகையிலே, வீமசேனனின் மடைநூல் நெறிப்படி சமைத்த உணவை அரசன் பொற்கலத்தில் இட்டுத் தானே நின்று ஊட்டுவான் என்று புலவர் நல்லூர் நத்தத்தனார் அந்தப் பாணன் வாயிலாக உரைக்கின்றார். நிலத்தின் இயல்பும் வீட்டின் இயல்பும் தெரிந்தால் இலையில் விழப்போவது இன்னதென்பது தானே தெரியவரும் என்ற துணிபு அதில் அடங்கியிருக்கின்றது. பிரான்சு தேசத்து மிசெலின் என்னும் டயர்க் கம்பனி, மோட்டார் வண்டிப் பிரயாணிகளுக்காக வழிகாட்டிப் புத்தகத்தை வெளியிடத் தொடங்கியது 1900ஆம் ஆண்டில்; சிறந்த சாலைகளுக்கு அது நட்சத்திரம் வழங்கத் தொடங்கியது 1926இல். நம்முடைய ஆற்றுப்படைப் பாணர் அவ்வழியே பல நூற்றாண்டுகள் முன் நடந்தவராவர்.

வரிசையாகப் பரிமாறும் வழக்கமும் ஐரோப்பாவிலே ஆதியிலிருந்து நிலவியதன்று. பிரெஞ்சுப் பிரபுக்களின் விருந்துகளில் முன்னாளில் எல்லாப் பதார்த்தங்களும் ஒருசேர மேசையை நிறைத்திருக்கும். 1810 அளவிலே பாரிசில் வாழ்ந்த ருசியத் தூதுவர் குராக்கின் என்பவர் ஒவ்வொன்றாகக் கொணர்ந்து வைக்கும் தம் நாட்டு முறையை அங்கே அறிமுகப்படுத்தினார் என்பர். பின்னர், 1970களில் எழுந்த புதிய சமையல் இயக்கத்தார், ஜப்பானியரின் கைசெக்கி என்னும் பருவகால விருந்து மரபைக் கண்டு வியந்து, சிறு சிறு அளவிலே பலவற்றைச் சுவைக்கத் தரும் முறையைப் பரப்பினர். என் மருமகன் தேடுகின்ற போசனசாலைகள் அந்த மரபின் வாரிசுகளாகும். ஆயினும் முறை எங்கிருந்து வந்தாலும் அதற்கு ஆதாரமாக இருக்கவேண்டியது ஒன்றுதான்: அமுது படைப்பவனுக்குத் தன் நீரையும் நிலத்தையும் பற்றிய அறிவு. அவ்வறிவு எங்ஙனம் விளைகின்றது என்பதைக் காண மட்டக்களப்பு வாவியினும் சிறந்த இடத்தை நான் அறியேன்.

வடக்கே பங்குடாவெளி முதல் தெற்கே கல்முனைப் பகுதி வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி, கடலுக்கும் வயலுக்கும் இடையே காலத்துக்கேற்பத் தன் குணத்தை மாற்றிக்கொண்டிருக்கும் நீர்நிலை. கடற்பக்கமாகச் சூரியனை எதிர்நோக்கும் மணற்றிடரை எழுவான்கரை என்றும், சூரியன் சாயும் பக்கத்து வயல்வெளிகளைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். கோடையிலே பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்தை மணல் மூடிக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றோடு மாரி பொழிந்து வயல்களெல்லாம் வெள்ளக்காடாகும்போது, மணற்றடையை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவார்கள். அவ்வேளையில் வாவியின் உப்பு மாறும். உப்பு மாற மீன் மாறும். வெள்ளத்தோடு கடலுக்கு ஓடும் இறாலை வலைகள் வாரும். மாசி பங்குனியில் படுவான்கரையிலே சூடடித்து நெல்லு வீட்டுக்கு வர, பட்டிகளிலே எருமைகள் பால் சொரிய, காட்டிலிருந்து தேன் இறங்கும். இப்பிரதேசத்தை மீன்பாடும் தேனாடு என்று நம்மவர் புகழ்வது உபசார மொழியன்று. மீனும் தேனும் எந்த மாதத்தில் எந்தக் கரையிலிருந்து வரும் என்பதை ஒவ்வொரு வீட்டு அடுக்களையும் கணக்கு வைத்திருந்த காலத்தின் சுருக்கம் அது.

அந்த அடுக்களை பெண்ணுக்குரியது. தாய்வழிக் குடி மரபு வேரூன்றிய இம்மண்ணில், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்லும். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். மூத்த மகளின் கலியாணத்தோடு தாய் தந்தையர் அதே வளவிலோ அயலிலோ வேறொரு வீட்டுக்குப் பெயர்வதும் உண்டு. ஆகவே விருந்தினன் ஒருவன் படலையைத் திறந்துகொண்டு வரும்போது அவனை வரவேற்பவன் ஆடவனாயினும், அவன் எந்த வீட்டுக்கு வந்தான் என்பது அவ்வீட்டுப் பெண்ணின் குடியையும் கைப்பக்குவத்தையும் கொண்டே பேசப்படும். ‘மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்’ என்று பிற பிரதேசத்தார் மந்திரத்தைக் கருதிச் சொல்வதுண்டு. விருந்தோம்பலின் சிறப்பைக் குறித்ததென்று நம் பெரியோர் அதற்கு விளக்கம் தருவர். வேற்றூரிலிருந்து வந்த ஆடவன் இங்கே பெண்ணெடுத்தால் அவள் வீட்டுப் பாயிலேயே நிலைத்துவிடுகிறான் என்ற குடும்ப வழக்கமும் அப்பழமொழியினுள் உறைந்திருக்கின்றது என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பாயை நான் கண்டிருக்கின்றேன். படுவான்கரையிலே என் அம்மம்மாவின் வீட்டில், விருந்தினர் வருகின்றார்கள் என்று மண்முனைத்துறையிலிருந்து செய்தி வந்தவுடன், அறையினுள் சுருட்டி வைத்திருந்த புதுப் பன்பாயை எடுத்துத் தட்டி விறாந்தையில் விரிப்பார்கள். கால் கழுவச் செம்பிலே நீர் கொடுத்தபின், பித்தளை வட்டாவிலே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வைத்து நீட்டுவார்கள். வந்தவர் அதிலிருந்து ஒரு வெற்றிலையையேனும் எடுத்த பிறகுதான் பேச்சுத் தொடங்கும். வட்டாவை நீட்டுவது, ‘இனி இந்த வீட்டின் பொறுப்பு நீங்கள்’ என்று சொல்லாமற் சொல்வதாகும். அதன் பின்னர் ‘என்ன உண்பீர்கள்’ என்ற கேள்வி எழாது. கேட்டால், தன் வீட்டில் இன்று எது சிறந்ததென்று தெரியாதவள் என்று ஊரார் எண்ணுவார்களே என்று அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கின்றேன்.

அவள் நண்டு தெரிவு செய்ததை அருகிருந்து பார்த்தவன் நான். விடியற்காலையில் தோணியிலிருந்து இறங்கிவரும் மீன்காரர், கால்களைச் சேர்த்துக் கட்டிய களப்பு நண்டுகளை ஓலைப் பெட்டியோடு முற்றத்தில் வைப்பார். அம்மம்மா ஒவ்வொன்றையும் கையிலேந்திக் கனம் பார்ப்பாள். பிறகு மல்லாத்தி, பெரிய காலின் அடியிலும் அடிவயிற்று ஓட்டிலும் பெருவிரலால் அழுத்துவாள். ஓடு கல்லைப்போல எதிர்த்து நின்றால் ஒரு பக்கம். சற்றே உள்வாங்கினால் மறுபக்கம். “இது தண்ணி நண்டு மனே, இதக் கொண்டு போ” என்று அவள் திருப்பிக் கொடுத்தவை, பார்வைக்குப் பெரியனவாகவே இருக்கும். ஓடு கழற்றிப் புது ஓடு போட்ட நண்டுக்குள் சில காலம் சதை நிறையாது, நீரே நிறைந்திருக்கும் என்பது வாவித் தொழிலாளர் எல்லாரும் அறிந்த சங்கதி. நிலவு முற்றிய நாட்களில் நண்டு கோதாகிவிடும் என்பதும் அவர்களுடைய நெடுநாள் நம்பிக்கை; ஆதலால் வளர்பிறையின் கடைசி நாட்கள் முதல் தேய்பிறையின் தொடக்கம் வரை எங்கள் வீட்டில் நண்டுக்கறி வைக்கமாட்டார்கள்.

ஒருமுறை சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, கொழும்பிலிருந்து பெரிய உத்தியோகத்தர் ஒருவர், வாவியிலே மீன் பாடுவதைக் கேட்கும் ஆவலோடு எங்கள் வீட்டுக்கு அதிதியாக வந்திருந்தார். மீன் பாட்டைக் கேட்க நிலவு வேண்டும். நண்டுக்கறிக்கு நிலவு ஆகாது. அவர் கூச்சத்தோடு நண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னபோது, வீட்டு ஆண்களெல்லாம் எங்கேனும் தேடிப் பிடிக்கலாமென்று எழுந்துவிட்டார்கள். அம்மம்மா அடுக்களை வாசலில் நின்றபடியே, “இண்டைக்கு நண்டு இல்ல தம்பி. அமாவாசைக்குப் பக்கமா ஒருக்கா வாங்க” என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, ஓராமீன் குழம்பையும் இறாலையும் சமைத்தாள். அந்த மனிதர் பின்னொரு அமாவாசைக்கு மெய்யாகவே வந்தார்.

அவளுடைய விருந்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலிலே பச்சைப்பெருமாள் அரிசிச் சோற்றில் பருப்பு, அதனோடு கீரையும் ஒரு பால்கறியும், மறுகா மீன்குழம்பு, மறுகா முருங்கையிலை இட்ட நண்டுக்கறி. நண்டை ஏன் முதலிலே வைக்கவில்லை என்று சிறுவனாகிய நான் கேட்டபோது, “நண்டத் திண்ட வாய்க்கு வேற கறி தெரியாது மனே” என்றாள். நண்டுக்குப்பின் கை கழுவி, புதிதாகச் சிறிது சோறிட்டு, சட்டியோடு கொணர்ந்த எருமைத் தயிரைக் கரண்டியால் வெட்டி வைத்து, அதன்மேல் காட்டுத் தேன் விடுவாள். ஈற்றில் மீண்டும் வட்டா. மென்மையிலிருந்து காரத்துக்கும், காரத்திலிருந்து குளிர்ச்சிக்கும் நாவை நடத்திச் செல்லும் இவ்வொழுங்கை அவள் எந்தக் கிரந்தத்திலும் கற்றவளல்லள்; தன் தாயின் அடுக்களையில் நின்று கற்றாள்.

மேலே கூறிய ‘மடைநூல்’ என்பதில் வரும் ‘மடை’ என்னும் சொல் எங்கள் கோயில்களிலே இன்றும் உயிரோடிருக்கின்றது. தெய்வத்தின் முன்னே பழமும் பாக்கும் வெற்றிலையும் பொங்கலும் முறைப்படி பரப்பி வைப்பதை மட்டக்களப்பார் மடை வைத்தல் என்பர். வைகாசித் திங்களிலே கண்ணகை அம்மன் கோயில்களின் கதவு திறந்து சடங்கு தொடங்கினால், குளிர்த்தி பாடி அம்மனின் சினம் ஆற்றும் நாள் வரை, எந்தக் குடியார் எந்த நாளுக்குப் பொறுப்பு, யாருக்கு எந்த வரிசையில் மரியாதை என்பதெல்லாம் அணுவும் பிசகாது நடைபெறும். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழக’த்தைப் படிப்போர், இத்தகைய வழக்கங்கள் இப்பிரதேசத்தாரின் வாழ்வோடு எத்துணை நெருங்கியவை என்பதை உணர்வர். வீட்டுவிருந்தின் ஒழுங்கும் கோயில்மடையின் ஒழுங்கும் ஒரே மனப்பான்மையில் விளைந்தவை: வந்தவர் தெய்வமாயினும் மனிதராயினும், அவருக்குப் படைப்பதைத் தெரிவு செய்யும் கடமை படைப்பவருடையது.

எழுவான்கரையிலே காத்தான்குடி முஸ்லிம்களின் விருந்து இதே கடமையை வேறொரு வடிவத்தில் ஆற்றுகின்றது. போர்த்துக்கேயரால் மேற்குக் கரையிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களில் ஏறத்தாழ 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரதன் 1626இல் மட்டக்களப்புப் பிரதேசத்திலே குடியேற்றினான் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். அதற்கு முன்னரும் பின்னரும் இங்கே வாழ்ந்த முஸ்லிம்கள் தம் தமிழ் அயலவரோடு குடிமுறையையும் தாய்வீட்டு வழக்கத்தையும் பகிர்ந்துகொண்டனர். அவர்களுடைய கலியாண வீட்டில் என் தந்தையாரோடு அமர்ந்து உண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கின்றது. பாயிலே வெள்ளைத் துணி விரித்து, நடுவிலே சஹன் என்னும் அகன்ற தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, அதனைச் சுற்றி ஆறு பேரை இருத்தினார்கள். வீட்டு இளைஞர் ஒருவர் நீர் வார்க்க, மற்றொருவர் கீழே பாத்திரம் ஏந்த, இருந்த இடத்திலேயே கை கழுவினோம். இறைச்சிக் கறியும் பருப்பும் கத்தரிக்காயும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சோற்றின்மேல் இறங்கின. ஒவ்வொருவரும் தத்தம் முன்னுள்ள பக்கத்தையே உண்டனர். நல்ல துண்டு அகப்பட்டவர் அதனை அடுத்தவர் பக்கம் தள்ளினார். கடைசி ஆள் உண்டு முடியும்வரை ஒருவரும் எழவில்லை. பின்னர் வட்டிலப்பம் வந்தது. யார் யாரை ஒரே சஹனில் இருத்துவது என்று தீர்மானிப்பதிலேதான் வீட்டுக்காரரின் மதிநுட்பமெல்லாம் வெளிப்படும் என்று தந்தையார் திரும்பும் வழியிலே சொன்னார்.

இரு சமூகத்தாரும் பிட்டும் தேங்காய்ப்பூவும்போல வாழ்ந்தனர் என்பது கிழக்கிலே எல்லார் வாயிலும் வழங்கும் உவமை. குழற்பிட்டு அவிப்பதைப் பார்த்தவர்களுக்கே அதன் பொருள் முற்றாக விளங்கும். வறுத்த அரிசிமாவைக் குழைத்து, குழலிலே ஒரு பிடி தேங்காய்ப்பூ, ஒரு பிடி மா, மீண்டும் தேங்காய்ப்பூ என்று அடைப்பார்கள். இடையிலே தேங்காய்ப்பூ இல்லையேல் பிட்டு இறுகிக் கட்டியாகும். மா இல்லையேல் தேங்காய்ப்பூ நிற்க இடமின்றிச் சிந்தும். இரண்டும் தனித்தனியே தெரியும்படி இருந்தும் ஒரே ஆவியில் வெந்து ஒன்றாக வெளிவரும்.

வாவிக்கு வெளியிலிருந்து வந்தோரும் இவ்விருந்து வரலாற்றில் இடம்பெறுகின்றனர். ஒல்லாந்துக் கடற்றளபதி ஸ்பில்பேர்கன் 1602ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் தேதி மட்டக்களப்புக் கரையை அடைந்து, இங்கிருந்தே கண்டி மன்னனைக் காணச் சென்றான். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். 1638 மே மாதத்தில் அதனை ஒல்லாந்தர் கைப்பற்றினர். கோட்டைகள் கைமாறின, சொற்கள் நிலைத்தன. மேசை, குசினி, கோப்பை, பாண், விசுக்கோத்து என்பன போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. போஞ்சி ஒல்லாந்தர் தந்தது. மட்டக்களப்பு நகரிலே இன்றும் வாழும் பறங்கியர், போர்த்துக்கேயக் கலப்பு மொழியைச் சில குடும்பங்களிலேனும் பேசி, கலியாணங்களில் தம் பழைய பாட்டையும் ஆட்டத்தையும் காத்துவருகின்றனர். பாயும் இலையும் இருந்த ஊருக்கு நாற்காலியும் மேசையும் வந்தன. ஆயினும் வீட்டுக்கு வந்தவரை ‘என்ன வேண்டும்’ என்று கேட்கும் வழக்கம் அவற்றோடு வரவில்லை.

அது வந்தது வாடிவீட்டோடு. ஆங்கிலேயர் ஆட்சியிலே பிரயாணம் செய்யும் உத்தியோகத்தருக்காக இலங்கையெங்கும் பேணப்பட்ட வாடிவீடுகளில், வருபவர் முன்கூட்டியே அறிவித்து, இன்னது வேண்டுமெனக் கட்டளையிட்டு, விலைப்பட்டியலின்படி பணங் கொடுத்து உண்பர். குடியேற்ற நாட்டுச் செயலாளர் சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்து, தோணியிலே சென்று வாவியின் இன்னோசையைக் கேட்டு, அதனைத் தம் நூலில் எழுதியதனால், மீன்பாட்டைத் தேடிவரும் பிரயாணிகள் பெருகினர். அவர்களுக்கு ஊரில் உறவினர் இல்லை. வட்டா நீட்ட எவருமில்லை. உறவற்றோருக்கும் உணவு கிடைக்கச் செய்தது வாடிவீட்டின் தருமம். அதனை நான் குறைத்துரைக்கமாட்டேன். ஆனால் அங்கேதான், தெரிவு செய்யும் பொறுப்பு அடுக்களையை விட்டு ஆசனத்திலிருப்பவரின் கைக்கு முதன்முதலாக மாறியது.

பின்னர் அம்மாற்றம் விரைந்தது. கல்லடியிலே துறைத்தோணியின் இடத்தை 1924இல் லேடி மன்னிங் பாலம் பிடித்தது. 1928இல் புகைவண்டி மட்டக்களப்பை எட்டியது. நகரிலே தேத்தண்ணிக் கடைகளும் சைவக் கடைகளும் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளும் எழுந்தன. குடி கேளாது, காசு வாங்கி, எல்லாருக்கும் ஒரே வாங்கில் இடங்கொடுத்த அக்கடைகள், வீட்டுவிருந்தால் இயலாத ஒரு சமத்துவத்தை ஊருக்கு அளித்தன. இரும்புத் தட்டிலே இரட்டைத் தகட்டால் தாளம்போட்டு ரொட்டியைக் கொத்தும் கொத்துரொட்டி, எங்கள் மட்டக்களப்பிலேயே பிறந்ததென்று பலரும் சொல்லுவர். நள்ளிரவிலே உழைத்துக் களைத்தவனுக்கு அதனினும் உகந்த உணவு வேறில்லை.

அதன்பிறகு வந்த காலம் வாவிக்குக் கொடியது. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி தென்னைகளை வேரோடு சாய்த்தது. யுத்தம் மூண்டு, 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பரில் சத்துருக்கொண்டானிலே குழந்தைகளும் பெண்களும் உட்பட ஊரார் கொல்லப்பட்டார்கள். பிட்டும் தேங்காய்ப்பூவும் என்ற உவமையைச் சொல்ல நாக்கூசிய ஆண்டுகள் அவை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி எழுவான்கரைக் குடியிருப்புகளை வாரிச் சென்றது. சோதனைச் சாவடிகளைக் கடந்து விருந்தினர் வருவது அரிதாகிய அக்காலத்தில், புதுப் பாய்கள் அறையினுள்ளே சுருட்டியபடியே கிடந்து உளுத்தன. ஆனாலும் கடல் கொண்ட அந்த நாளிலே, சமைத்த சோற்றுப் பானைகளைச் சுமந்துகொண்டு ஒரு சமூகத்தார் மற்றச் சமூகத்தாரின் அகதி முகாம் வாசலுக்கு வந்ததை நான் என் கண்ணாற் கண்டேன். அன்றைக்கும் யாரும் ‘என்ன வேண்டும்’ என்று கேட்கவில்லை.

யுத்தம் 2009இல் முடிந்தபின் பாசிக்குடாக் கரையிலே பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. அங்கே நீண்ட மேசைகளில் எல்லாப் பதார்த்தங்களும் ஒருசேர நிறைந்திருக்கின்றன. வருவோர் தட்டேந்திச் சென்று தாமே அள்ளுகின்றனர். வாவியின் நல்ல நண்டுகளோ, இலங்கைக் களப்புகள் பலவற்றின் நண்டுகளோடு சேர்ந்து சிங்கப்பூருக்குப் பறக்கின்றன. அந்நகரத்தார் இலங்கை நண்டு என்று பெயர் சொல்லி அதனை விரும்பி உண்கின்றனர். கொழும்புக் கோட்டையிலே பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் 2011இல் தொடங்கிய நண்டுச்சாலை ஒன்று, நிறைக்கேற்ப விலை வகுத்து உலகத்தாரை அழைக்கின்றது. நம் நண்டுக்கு மதிப்பு வந்தது மகிழ்ச்சியே. ஆயினும் மண்முனைத்துறையிலே 2014இல் பாலம் திறந்து, ஓடத்துக்குக் காத்திராமல் நொடியிலே படுவான்கரையை அடைய முடிகின்ற இந்நாளில், அங்குள்ள வீடொன்றிலே விருந்தினருக்கென்று முதல்தர நண்டு வாங்குதல் எளிதாக இல்லை என்பதை எண்ணும்போது என் மனம் வருந்துகின்றது.

ஆகவே என் மருமகனுக்கு நான் எழுதிய விடை இது. நட்சத்திரங்களை எண்ணிப் பார், விலையையும் பார், அவற்றில் தவறில்லை. ஆனால் இடத்தை முடிவு செய்யுமுன் அந்தச் சாலையாரிடம் ஒன்றே ஒன்று கேள்: ‘நாங்கள் வரும் நாளில் உங்களிடம் எது இராது?’ எல்லாம் எந்நாளும் உண்டென்று சொல்பவன் நீரையும் நிலத்தையும் அறியாதவன். அவனிடத்தில் உன் தெரிவை ஒப்படையாதே. இந்த மாதம் இந்த மீன் வராது, இந்தக் கிழமை இந்தக் கீரை முற்றிவிட்டது, ஆதலால் வைக்கமாட்டோம் என்று தயங்காமற் சொல்பவன் எவனோ, அவன் மேசை எத்தனை சிறியதாயினும் அங்கே போய் அமர். அவன் வைக்கும் வரிசையில் வைப்பதை வாங்கி உண். காலம் வாய்க்கும்போது மனைவி மக்களோடு ஊருக்கு வா. உன் தாய் அம்மம்மாவின் வட்டாவைப் புளியிட்டு மினுக்கி வைத்திருக்கிறாள். வருமுன் பஞ்சாங்கத்தைப் பார்த்து, மீன் பாட்டுக் கேட்க வருகிறாயா, நண்டு தின்ன வருகிறாயா என்பதை மட்டும் எழுது. மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.